கட்டுப் பிரிக்கும் இருபது நிமிடம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் திரைக்குப் பின்னால் நடப்பது என்ன?

“டிரஸ்ஸிங் நடக்கிறது, எல்லாரும் வெளியே போங்க!”

மும்பையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்கள் தினமும் கேட்கும் உத்தரவு இது. இந்தியில் சொல்வார்கள், அல்லது மராத்தியில் சொல்வார்கள். கதவு சாத்தப்படும். உள்ளே திரை இழுபடும் சத்தம் கேட்கும். அதன் பிறகு இருபது நிமிடமோ அரை மணி நேரமோ ஒன்றும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் அண்ணன் தம்பிக்கும் அன்றைய தினத்தில் அதுதான் மிக நீண்ட நேரம்.

மராத்தியில் இந்த வேலைக்கு ‘மலம்பட்டி’ என்று பெயர். ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. பயப்பட வேண்டாம். அங்கே ‘மலம்’ என்றால் களிம்பு. களிம்பும் கட்டும் சேர்ந்து மலம்பட்டி. அதேபோல் வார்டு ஊழியரை எல்லாரும் ‘மாமா’ என்றும், ஆயாவை ‘மாவ்ஷி’ என்றும் கூப்பிடுவதைக் கேட்டுத் திகைப்பவர்களும் உண்டு. தாய்மாமனும் சித்தியும் நிறைந்த இடம் மும்பை ஆஸ்பத்திரி!

ஆனால் திரைக்குப் பின்னால் நடப்பது விளையாட்டுக் காரியம் அல்ல. ஆபரேஷன் வெற்றி என்று டாக்டர் சொன்ன பிறகும், நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் பல சமயம் இந்த இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது.

தைக்காமல் விட்ட வயிறு

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்கு அருகே தோல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர். வயது 42. நெல்லைச் சீமைக்காரர். இரண்டு நாளாக வயிற்றுவலி. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் சுருண்டு விழுந்தார். மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடல் ஓட்டையாகி, உள்ளே இருந்த அழுக்கெல்லாம் வயிறு முழுக்கப் பரவிவிட்டது. இரவோடு இரவாக ஆபரேஷன். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை நடுவில் ஒரே கீறல். வாயில் குழாய், மூச்சுக்கு மெஷின், பக்கவாட்டில் அழுக்கு நீர் வடிய இரண்டு ரப்பர் குழாய்கள்.

மறுநாள் டிரஸ்ஸிங் நடந்தபோது திரை சரியாக மூடாமல் ஒரு சாண் இடைவெளி. மனைவி அதன் வழியாகப் பார்த்துவிட்டார். வயிறு தைக்கப்படவே இல்லை! தோல் வாய் பிளந்துகொண்டு சிவப்பாகத் தெரிந்தது. “தைக்க மறந்துட்டாங்க, தைக்காமலே போட்டுட்டாங்க” என்று அவர் போட்ட கூச்சலில் வராந்தாவே கூடிவிட்டது.

யாரும் மறக்கவில்லை. வயிற்றுச் சுவரின் உறுதியான உள் உறையை மட்டும் பலமான நூலால் தைத்திருந்தார்கள். மேலே உள்ள கொழுப்பையும் தோலையும் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார்கள். குடல் அழுக்குப் பட்ட புண்ணைத் தோலோடு சேர்த்து இறுக்கித் தைத்தால், அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டினாற்போல் ஆகும். உள்ளுக்குள்ளேயே சீழ் கோத்துக்கொள்ளும். ஆகவே சலைனில் நனைத்த துணியை உள்ளே வைத்து, தினம் இரண்டு வேளை மாற்றி, நாலைந்து நாளில் புண் சுத்தமாகிச் சிவந்ததும் தோலைத் தைப்பார்கள். போர்க்களத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் செய்து கற்ற பாடம் இது.

இதை முதல் நாளே அந்த அம்மாளுக்குப் புரியும் பாஷையில் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் கூச்சலுக்கே இடமில்லை. ஆனால் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்று எண்ணிப் பார்த்தால் அவர்கள் மேலும் முழுக் குற்றம் சொல்ல முடியவில்லை.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு. “ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, கட்டையே பிரிக்கலை” என்பார்கள். சுத்தமான ஆபரேஷனாக இருந்து, தோலையும் தைத்து மூடியிருந்தால், முதல் 24 மணியிலிருந்து 48 மணி நேரம் வரை அந்தக் கட்டைத் தொடாமல் இருப்பதே முறை. தையலின் விளிம்புகள் அதற்குள் ஒட்டிக்கொண்டு கிருமி புகாதபடி மூடிவிடும். காரணமில்லாமல் நடுவில் பிரிப்பதுதான் கெடுதல். ரத்தமோ நீரோ ஊறி மேலே நனைந்தால் மட்டும் முன்கூட்டியே மாற்றுவார்கள்.

வாய் பேசாத வலி

கட்டு மாற்றுவதில் எல்லாவற்றுக்கும் முதலில் வரவேண்டியது பஞ்சும் அல்ல, மருந்தும் அல்ல. வலி தெரியாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. இது பல இடங்களில் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளுக்கு எது அதிகம் வலிக்கிறது என்று அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2001-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு அதிக வலி தந்தது, அவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதிக வலி தந்தது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது. நாம் சாதாரண வேலை என்று நினைப்பவைதான் இரண்டும்!

வாயில் குழாய் இருக்கும் நோயாளி “ஐயோ” என்று கூடச் சொல்ல முடியாது. குழாய் குரல்வளையின் நடுவே போவதால் சத்தமே எழாது. அப்படியானால் அவருக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முகம் சுளிக்கிறதா, கை கால் அசைகிறதா, உடம்பு விறைக்கிறதா, மூச்சு மெஷினோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கிறதா என்று நாலு விஷயம் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மார்க். மொத்தம் 8. இரண்டைத் தாண்டினால் வலி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். கனடாவில் ஒரு நர்ஸ் பேராசிரியை உருவாக்கி 2006-ல் வெளியான முறை இது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. காய்ச்சலிலும் அவை ஏறும்.

நமது தோல் பட்டறைக்காரர் விஷயத்தில் முதல் இரண்டு நாள் இந்தக் கணக்கு சரியாக நடக்கவில்லை. கட்டைத் தொட்டதும் அவர் கையை உதறினார். மெஷின் அலறியது. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். பிரியமில்லாத காரியம்தான். ஆனால் குழாயைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து. நர்ஸ் குனிந்து, “துக்தய் கா? துக்தய் கா?” என்று கேட்டார். மராத்தியில் ‘வலிக்கிறதா’ என்று அர்த்தம். வலியும் மயக்கமுமாக அரை நினைவில் கிடக்கும் மனிதருக்குத் தாய்மொழி தவிர வேறு எதுவும் காதில் ஏறாது. இருபது வருஷம் மும்பையில் இருந்தவர்தான், சந்தையில் மராத்தி பேசுகிறவர்தான். அந்த நேரத்தில் எல்லாம் மறந்துபோகிறது.

மூன்றாம் நாள் வழி பிறந்தது. அவருடைய மூத்த மகள் எட்டாம் வகுப்புப் படிப்பவள். பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, அதில் ஆறு தமிழ் வார்த்தைகளை தேவநாகரி எழுத்தில் எழுதினாள். ‘வலிக்குதா’, ‘கட்டு மாத்தப் போறோம்’, ‘கண்ணை மூடுங்க’, ‘மூச்சு இழுங்க’, ‘போதுமா’, ‘முடிஞ்சுபோச்சு’. பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் இந்தி அர்த்தம். ‘ஆம்’ என்றால் ஒரு தடவை கண் மூட வேண்டும், ‘இல்லை’ என்றால் இரண்டு தடவை என்று அப்பாவிடம் காதோடு சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று காலை டூட்டியில் இருந்தவர் கோலாப்பூர்ப் பக்கத்து நர்ஸ். அட்டையைப் பார்த்து, “வலிக்குதா?” என்று ‘ழ’வும் ‘ல’வும் ‘ள’வும் கலந்த ஒரு தமிழில் கேட்டார். நோயாளி கண்ணை மூடித் திறந்தார், ஒரே தடவை. கட்டைத் தொடும் முன்பே ஊசி போடப்பட்டது. அதன் பிறகு கையைக் கட்ட வேண்டிய அவசியம் வரவில்லை.

ஊசி போட்டவுடனே கட்டைப் பிரிப்பதும் தவறு. மார்ஃபின் நரம்பில் போட்டால் முழு வேகம் பிடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபென்டனில் என்றால் சில நிமிடங்களில் வேலை செய்யும். எந்த மருந்து, எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று பார்த்துத்தான் தள்ளுவண்டி கட்டிலருகே வரவேண்டும்.

டிரம், தள்ளுவண்டி, கை

தள்ளுவண்டிக்கு இரண்டு தட்டு. மேல்தட்டு கிருமி நீக்கிய சாமான்களுக்கு. கீழ்த்தட்டு மற்றவற்றுக்கு. வண்டியை மருந்து போட்டுத் துடைத்த பிறகே சாமான்களை வைப்பார்கள்.

துணியும் காஸும் எங்கிருந்து வருகின்றன? வட்டமான எவர்சில்வர் டிரம்மில் அடுக்கி, ஆட்டோகிளேவில் வைக்கிறார்கள். நம் வீட்டு பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 121 டிகிரி சூட்டில், நீராவி அழுத்தத்தில், குறைந்தது கால் மணி நேரம். டிரம்மின் மேல் ஒரு பேப்பர் டேப் ஒட்டியிருக்கும். சூடு பட்டதும் அதில் கறுப்புக் கோடுகள் தோன்றும். கோடு இல்லாத டிரம்மை அனுபவமுள்ள நர்ஸ் தொடமாட்டார். ஒரு தடவை திறந்த டிரம்மில் மிஞ்சியதை நாள் கணக்கில் வைத்துக்கொள்ளவும் முடியாது. 24 மணி நேரம்தான் கணக்கு. இப்போது ஒரு தடவைக்கு மட்டும் ஆகும் சிறு பொட்டலங்கள் நிறைய வந்துவிட்டன. செலவு கூடுதல், ஆபத்து குறைவு.

அடுத்தது கை. வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-ல் ஒரு உத்தரவு போட்டார். பிரசவ வார்டுக்குள் வரும் டாக்டர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று. பிள்ளை பெற்ற தாய்மார்கள் சாவது மளமளவென்று குறைந்தது. அவரைப் பாராட்டவில்லை, பரிகசித்தார்கள். உலகத்தின் சுபாவம்! 1865-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்த 11 வயதுச் சிறுவனின் காலைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டித்தான் எடுப்பார்கள். இந்தச் சிறுவனின் கால் பிழைத்தது. இன்றைக்குக் கட்டு மாற்றும் முறையெல்லாம் அங்கிருந்து வந்தவை.

இப்போது ஸ்பிரிட் கலந்த கரைசலானால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீருமானால் 40 முதல் 60 விநாடி கை தேய்க்க வேண்டும். கையுறை போட்டுவிட்டால் கழுவ வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. போடுவதற்கு முன்னும் கழுவ வேண்டும், கழற்றிய பின்னும் கழுவ வேண்டும். மோதிரமும் வளையலும் கூடாது.

பிரிக்கும்போது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டைப் பார்க்க, ஒருவர் குழாய்களைப் பார்க்க. மூச்சுக்குழாய், கழுத்து நரம்பில் போட்ட குழாய், சிறுநீர்க் குழாய், வயிற்றிலிருந்து வடியும் குழாய் என்று எத்தனையோ கயிறுகள் கட்டிலோடு மனிதனைப் பிணைத்திருக்கும். புரட்டும் அவசரத்தில் ஒன்று இழுபட்டால் போதும். மூக்கு வழியாகக் கஞ்சி போய்க்கொண்டிருந்தால், தலையைத் தாழ்த்துமுன் அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் புரை ஏறும்.

சாதாரணக் கையுறையோடு பழைய கட்டை எடுப்பார்கள். பிளாஸ்திரியை மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, பிளாஸ்திரியைத் தோலோடு படுத்தவாறே, புண் பக்கமாக மெதுவாகச் சுருட்டி எடுக்க வேண்டும். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு போல. பிளாஸ்திரியோடு சேர்ந்து உரிந்துவிடும். காஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் சலைன் ஊற்றி ஊறவிட வேண்டும். காய்ந்த காஸைப் பிய்த்து எடுத்தால் புதிதாக முளைத்த மென்சதையும் சேர்ந்து போய்விடும். பழைய காலத்தில் அப்படிப் பிய்த்தால்தான் புண் சுத்தமாகும் என்று நம்பினார்கள். ‘காயவிட்டால் ஆறும்’ என்பது நம் ஊரிலும் உள்ள நம்பிக்கை. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார். காற்றுப்பட விட்ட காயத்தைவிட, மூடி ஈரம் காத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது.

கட்டை எடுத்ததும் உடனே தூக்கி எறியமாட்டார்கள். அதைப் பார்ப்பார்கள். எவ்வளவு நனைந்திருக்கிறது? என்ன நிறம்? வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் என்றால் கவலை இல்லை. கெட்டியான மஞ்சள் என்றால் சீழ். பச்சை நிறம் படிந்து, ஒருவிதத் தித்திப்பு வாடை அடித்தால் சூடோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பழைய எதிரி அது. பல மருந்துகளுக்கு மசியாது. புண்ணின் விளிம்பு சிவந்து சூடாக இருக்கிறதா, தொட்டால் தோலுக்கடியில் காற்று நறநறக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மூக்கும் கண்ணும் விரலும் செய்யும் இந்தச் சோதனைக்கு ஈடாக எந்த மெஷினும் வரவில்லை.

ஒரு அடையாளம் மிக முக்கியம். வயிற்று ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு நாள் கழித்து, நன்றாக இருந்த கட்டு திடீரென்று இறைச்சி கழுவிய தண்ணீர் போன்ற நிறத்தில் நனைந்தால், உள் தையல் விட்டுப்போகிறது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் இருமினாலே குடல் வெளியே வரலாம். அப்படி வந்துவிட்டால் உள்ளே தள்ளக் கூடாது. சலைனில் நனைத்த கிருமி நீக்கிய துணியால் மூடி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, அறுவை டாக்டரைக் கூப்பிட வேண்டும். வீங்கிய குடலை மறுபடி உள்ளே வைத்து மூட முடியாத நிலைக்குக் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரத்து டாக்டர் ஒருவர் 1984-ல் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். சலைன் பையை வெட்டி விரித்து, அதையே தற்காலிக வயிற்றுத் தோலாகத் தைத்துவிட்டார்! ‘போகோட்டா பை’ என்று உலகம் முழுக்கப் பெயர். பணமில்லாத ஆஸ்பத்திரிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

சுத்தம் செய்யும் வரிசை

பழைய கட்டை எடுத்த கையுறையோடு புதுக் கட்டைத் தொடுவது மன்னிக்க முடியாத தவறு. கையுறையைக் கழற்றி, மறுபடி கை கழுவி, கிருமி நீக்கிய புதுக் கையுறை போட வேண்டும். அவசரத்தில் விடுபடுவது பெரும்பாலும் இந்த ஒரு படிதான்.

தையல் போட்ட புண்ணானால் தையலின் மேல் மேலிருந்து கீழாக ஒரு துடைப்பு. அந்தக் காஸை எறிந்துவிட வேண்டும். அடுத்த காஸால் ஒரு பக்கம், இன்னொன்றால் மறுபக்கம். ஒரு துடைப்புக்கு ஒரு காஸ். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குத்தான் கை போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. குழாய் வடியும் துளையைக் கடைசியாகத் தனியே துடைப்பார்கள். பெரும்பாலும் வெறும் சலைனே போதும். பஞ்சை நேராகப் புண்ணில் வைக்கக் கூடாது, இழை உள்ளே தங்கிவிடும்.

திறந்த புண்ணில் ஈரக் காஸைத் திணித்து அடைப்பதும் தவறு. மூலை முடுக்கு விடாமல், தளர்வாக இட்டு நிரப்ப வேண்டும். எத்தனை காஸ் உள்ளே வைத்தோம் என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். அடுத்த டூட்டிக்காரர் அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ண வேண்டும்.

வசதியுள்ள இடங்களில் கறுப்பு ஸ்பாஞ்சை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, மெஷினால் காற்றை உறிஞ்சும் முறை வந்திருக்கிறது. 1997-ல் அமெரிக்காவிலிருந்து பரவியது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். நோயாளிக்கு வலி அத்தனை தடவை குறைகிறது. விலைதான் தொழிலாளிக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

எல்லாம் முடிந்ததும் கட்டின் மேல் தேதி, மணி. எடுத்த அழுக்குக் கட்டு மஞ்சள் பையில் போக வேண்டும். ஊசி முனை குத்தாத வெள்ளை டப்பாவில். இது 2016-ஆம் வருஷச் சட்ட விதி.

வெளியே இருப்பவர்கள் செய்வது

உள்ளே இத்தனை கட்டுப்பாடு. வெளியிலிருந்து என்ன வருகிறது? ஒரு பொட்டலம் விபூதி. அப்பாவின் நெற்றியில் பூசினால் யாரும் தடுப்பதில்லை. ஆனால் பார்வையாளர் நேரத்தில் கட்டின் ஓரத்தைத் தூக்கி, புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை போடுகிறார்கள் சிலர். தேங்காய் எண்ணெய் தடவியவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். சாமி நெற்றியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று பத்தியம். பருப்பு, முட்டை, கறி, மீன் தின்றால் சீழ் பிடிக்கும் என்று நம் பெண்மணிகள் உறுதியாக நம்புகிறார்கள். வார்டுக்கு மாறியதும் வெறும் கஞ்சியும் ரசமும்தான் தூக்குச்சட்டியில் வருகிறது. சதை வளர்வதற்குப் புரதம் வேண்டும். செங்கல் கொடுக்காமல் கொத்தனாரைச் சுவர் எழுப்பச் சொன்னால் எழுப்புவாரா? டாக்டர் தனியாகத் தடுத்தாலொழிய பருப்பும் முட்டையும் கட்டாயம் வேண்டும்.

சர்க்கரை நோயை மறைப்பதும் பெரிய தீங்கு. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டி நின்றால் புண் ஆறாது, கிருமிக்கு விருந்து. ஆபரேஷனுக்கு முன்பே, “ஊரில் மாத்திரை சாப்பிட்டார், இங்கே வந்து நிறுத்திவிட்டார்” என்று சொல்லிவிட வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்கள் நம்மவர்களில் குறைவில்லை. பீடி, சிகரெட்டும் அப்படியே.

கேட்கவேண்டியதைக் கேட்கவும் தயங்கக் கூடாது. “சிஸ்டர், கட்டு மாத்துறதுக்கு முன்னால வலி ஊசி போட்டாச்சா?” என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை. தமிழோ மலையாளமோ தெரிந்த நர்ஸ் அநேகமாக எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியிலும் ஒருவராவது இருப்பார். வெளியே கடையில் வாங்கிவரச் சொல்லும் சாமான்களின் சீட்டைப் பத்திரமாக வைத்து, பொட்டலத்தில் காலாவதித் தேதியும், உறை கிழியாமல் இருப்பதும் பார்த்து வாங்க வேண்டும். ஈரம் பட்ட பொட்டலம் கிருமி நீக்கியதாகாது.

ஊருக்குப் போகும்போது

தோல் பட்டறைக்காரருக்கு நாலாம் நாள் மூச்சுக்குழாய் எடுத்தார்கள். முதலில் கேட்டது தண்ணீர். ஐந்தாம் நாள் புண் நல்ல சிவப்பாக, சீழ் இல்லாமல் இருந்தது. தோலைத் தைத்தார்கள். அட்டை இன்னும் அந்த வார்டிலேயே இருக்கிறது. அடுத்து வந்த ஒரு தமிழ் நோயாளிக்கு உதவும் என்று நர்ஸ் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் ஊருக்கு டிக்கெட் போடுவது. மும்பையில் ஒரே அறையில் ஏழு பேரோடு, குழாய்த் தண்ணீருக்கு விடிகாலையில் வரிசை நின்றுகொண்டு, எப்படிப் புண்ணை ஆற்றுவது? நியாயம்தான். ஆனால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்கு மேல் பயணம். டாக்டரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது. கீழ்ப் படுக்கை கட்டாயம் வேண்டும். இடம் கிடைக்காவிட்டால், ஆஸ்பத்திரிச் சீட்டோடு எமர்ஜென்சி கோட்டாவுக்கு மனு கொடுக்கலாம். இதய ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு, வயிற்று ஆபரேஷனுக்குக் கிடையாது. புறப்படும் அன்று காலையில் புதுக் கட்டுப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். ரயில் பெட்டியில் கட்டைப் பிரிக்கவே கூடாது. இருமும்போதும் எழும்போதும் ஒரு சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் தையலில் இழுப்பு குறையும். வழியில் காய்ச்சலோ, கட்டு நனைவதோ இருந்தால் 139 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் டாக்டர் வர ஏற்பாடு செய்வார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டை ஊர் டாக்டர் படிக்க வேண்டும். என்ன ஆபரேஷன், தோலை என்றைக்குத் தைத்தார்கள், தையல் என்றைக்குப் பிரிக்க வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அதில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். மராத்தியில் எழுதிக் கொடுத்தால் கயத்தாறில் யார் படிப்பது? ஊருக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றுவார்கள். சீட்டின் நகல் ஒன்றைத் துணிப்பெட்டியில் தனியே வைத்துக்கொண்டுதான் அவரும் குடும்பத்தோடு ரயில் ஏறினார்.